சோலோ வாசிக்கும்போது மற்ற ஐந்து கம்பிகளும் என்ன செய்கின்றன?

கிற்றாரில் மெற்றல் சோலோ பழக வரும் பிள்ளைகள் கிளிநொச்சியிலும் சரி, புதுக்குடியிருப்பிலும் சரி, அதே பிழைகளைத்தான் செய்கிறார்கள். பெரும்பாலானவை நானும் செய்தவை. ரியூன் பண்ணாமல் தொடங்குவது, மெற்றோனோம் இல்லாமல் ஓடுவது, எடுத்த எடுப்பில் வேகம் தேடுவது எல்லாவற்றையும் பலர் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளும் தலையாட்டிவிட்டு வழமைபோலவே செய்கிறார்கள். அதனால் அவற்றை விடுகிறேன்.

கையின் பிழைக்குப் பெட்டி வாங்குவது

விசுவமடுப் பக்கத்துத் தம்பி ஒருவர், காலபோக நெல் விற்ற காசில் தகப்பனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போய், நொய்ஸ் கேற் பெடல் ஒன்றோடு வந்தார். கெயினை, அதாவது சத்தத்தைக் கரகரப்பாக்கும் அளவை, கூட்டினால் கிற்றார் ஊளையிடுகிறது என்பது அவரது முறைப்பாடு. இதைப் போட்டால் நின்றுவிடும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். பொதுநோக்கு மண்டபத்தின் தகரக் கூரைக்குக் கீழே அம்ப்ளிஃபயரை (அம்ப்) போட்டு வாசித்துக் காட்டினார். கை வைக்காதபோது பூரண அமைதி. முதல் சுரத்தைத் தொட்டதும் பழைய ஊளை அப்படியே வந்தது. “அண்ணை, அப்ப பிக்கப்பைத்தான் மாத்தவேணும் போல” என்றார், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகத்தைச் சொல்லி. எனக்கு வந்த எரிச்சல் தம்பிமேல் இல்லை.

நொய்ஸ் கேற் செய்வது ஒன்றுதான். உள்ளே வரும் சத்தம் குறித்த அளவுக்குக் கீழே போனால் அடைக்கும், மேலே போனால் திறக்கும். நீங்கள் வாசிக்கும் நேரமெல்லாம் அது திறந்தே இருக்கும். அந்த வழியால் உங்கள் சுரமும் வரும், பக்கத்தில் சும்மா அதிரும் கம்பிகளும் வரும். எது வேண்டியது, எது வேண்டாதது என்று பெட்டிக்குத் தெரியாது.

விரலை எடுக்கும்போது கம்பி மெல்ல இழுபடும். கம்பியை மீட்டும் பிக், பக்கத்துக் கம்பியில் உரசும். ஒரு கம்பி அதிர்ந்தால் அதோடு சுருதி பொருந்தும் இன்னொன்றும் தானாக அதிரும். கிளீன் சத்தத்தில் இவை கேட்காது. கெயின் கூடும்போது வரும் டிஸ்டோர்ஷன் பெரிய சத்தத்தின் தலையை வெட்டி, சின்னச் சத்தத்தை அதற்குச் சமமாக ஏற்றிவிடும். அதோடும் விடாது. இரண்டு அதிர்வுகள் ஒன்றாக உள்ளே போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய சத்தங்களாகப் பிறக்கும். மிக மெல்லிய முதலாம் கம்பியில் ஐந்தாம் ஃபிரெட்டின் (கழுத்திலுள்ள கட்டையின்) 440 ஹேர்ட்ஸோடு, அடக்காமல் விட்ட இரண்டாம் கம்பியின் 247 சேர்ந்தால், 193இலும் 687இலும் யாரும் வாசிக்காத ஒலிகள் வரும். தம்பி சொன்ன ஊளை அதுதான்.

வாசிக்கும் கம்பியைவிடத் தடித்தவற்றை வலது உள்ளங்கையின் ஓரம், கம்பிகள் முடியும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் படிந்து அடக்க வேண்டும். மெல்லியவற்றை இடது சுட்டுவிரலின் அடிப்பக்கம் அழுத்தாமல் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த விரலின் நுனி அடுத்த தடித்த கம்பியையும் லேசாக முட்டினால் இன்னும் நல்லது. கம்பி மாறும்போது உள்ளங்கையும் கூடவே நகர வேண்டும். பிள்ளைகள் கோட்டைவிடுவது இங்கேதான்: மணிக்கட்டை ஒரே இடத்தில் ஒட்டிவைத்துவிட்டு பிக்கை மட்டும் எட்டி நீட்டுகிறார்கள்.

சோதித்துப் பார்க்க, பெடலை அணைத்து, கெயினைக் கூட்டி நாலு சுரம் வாசியுங்கள். கடைசிச் சுரத்தில் விரலை எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். அதன் பிறகும் ஏதாவது பாடிக்கொண்டிருந்தால், எந்தக் கம்பி என்று பாருங்கள்.

சுரமே இல்லாத ‘உம்ம்’ இரைச்சல் வேறு கதை. ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் கோயில் பிக்கப் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலைப் பிடிக்கும். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் அதைப் பெருமளவு கழித்துவிடும். பாட்டின் இடைவெளிகளில் அந்த இரைச்சலை அடைக்கத்தான் நொய்ஸ் கேற். மண்டபத்தில் எர்த் சரியில்லை என்றால் பெடலைத் திருகிக்கொண்டிருக்காமல் வயர்மனைக் கூப்பிடுங்கள். கை கம்பியிலும் வாய் மைக்கிலும் பட்டால் ஷொக் அடிக்கும்.

தம்பி பெடலை இன்னும் வைத்திருக்கிறார். அணைத்துவைத்துத்தான் பழகுகிறார்.

காதைக் கேட்காமல் பெண்ட் பண்ணுவது

பெண்ட் என்றால் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது. எவ்வளவு தள்ளுவது என்பதை விரலிடம் விடாதீர்கள். இரண்டு ஃபிரெட் மேலே உள்ள சுரத்தை முதலில் வாசித்துக் கேளுங்கள். அப்புறம் தள்ளி அங்கே போய்ச் சேருங்கள். வற்றாப்பளைப் பொங்கலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது, கொஞ்சம் குறைந்தாலே கண்டுபிடித்துவிடும். தள்ளும் விசை விரலிலிருந்து அல்ல, மணிக்கட்டின் திருப்பத்திலிருந்து வர வேண்டும்; பின்னால் மற்ற விரல்களும் முட்டுக்கொடுக்க வேண்டும்.

தடித்த கம்பி போட்டால்தான் மெற்றல் என்ற வீம்பு வேண்டாம். தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்த, பிளக் சபத் குழுவின் டோனி அயோமி மெல்லிய கம்பி போட்டார், பின்னர் சுருதியையும் இறக்கினார். அவரைவிடக் கனமான சத்தம் யாருக்கு வேண்டும்? தொடக்கத்துக்கு 9–42 செற் (0.009 முதல் 0.042 அங்குலத் தடிப்புக் கம்பிகள்) போதும்.

ஆரோகண அவரோகணத்தைச் சோலோ என்பது

ஹார்மோனிக் மைனர் என்றால் பயந்துபோகும் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடத்தில் கர்நாடக சங்கீதம் படித்தவர்கள். அதன் சுரங்கள் கீரவாணியின் சுரங்களேதான். நேச்சுரல் மைனர் நடபைரவி. பாடும்போது எங்கே நிற்பது, எதைத் தொட்டுவிட்டுப் போவது என்று தெரிந்த பிள்ளை, கிற்றார் எடுத்ததும் ஏறி இறங்குவதோடு முடித்துவிடுகிறது. வாசிக்கப்போகும் வரியை முதலில் வாயால் பாடுங்கள்.

ஸ்வீப்

பிக்கை ஒரே இழுப்பில் பல கம்பிகளின் மேல் ஓட்டி, சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது ஸ்வீப். எல்லாம் சேர்ந்து கோர்ட் போலக் கேட்டால் அது ஸ்வீப் இல்லை. தன் சுரம் முடிந்ததும் விரல் தளர வேண்டும்.

டாப்பிங்

வலது கை விரலாலும் ஃபிரெட்டில் தட்டி வாசிப்பது டாப்பிங். 1978இல் கிற்றார் கலைஞர் எடி வான் ஹேலன் காட்டியதற்கு அவசரமில்லை. கம்பியை அடக்கத் தெரிந்த பிறகு வாருங்கள்.

அம்ப் இல்லாமலே பழகுவது

கரண்ட் இல்லாதபோது பரவாயில்லை. அதுவே பழக்கமானால் வலது கை ஓங்கி அடிக்கும், மேலே சொன்ன எந்தச் சத்தமும் காதில் விழாது.

வியர்வையைத் துடைக்காமல் வைப்பது

நம் வெய்யிலுக்கு முதலாம் கம்பி சீக்கிரமே துருப்பிடிக்கும், பெண்ட் பண்ணும்போதுதான் அறும். வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்கள். உறையில் மேலதிகமாக ஒன்று வைத்திருங்கள். இல்லாவிட்டால் நிகழ்ச்சி நாளில், இரவு எட்டு மணிக்கு, மாங்குளத்தில் 0.009 கம்பி தேடித் திரிய வேண்டிவரும்.