வந்தவர்களை எண்ணுங்கள்: கல்லூரி ஃபுட்பால் அரங்கை மீண்டும் நிரப்பும் வழி

அமெரிக்கப் பல்கலைக்கழக ஃபுட்பாலில் (நம் ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) கூட்டத்துக்கு இரண்டு கணக்கு உண்டு. ஒலிபெருக்கியில் அறிவிப்பது ஒன்று: விற்ற டிக்கெட், இலவசமாகக் கொடுத்த டிக்கெட், சில அரங்குகளில் இசைக்குழுவும் ஊழியர்களும்கூட அதில் சேர்வார்கள். வாசலில் ஸ்கேன் ஆன டிக்கெட் இன்னொன்று. 2017 சீசனில் இந்த இரண்டாவது எண், முதல் எண்ணில் சராசரியாக 71 சதவீதம்தான் இருந்தது என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கணக்கெடுத்துச் சொன்னது. நூறு பேர் என்று அறிவித்த இடத்தில் இருபத்தொன்பது பேர் அரங்கிலேயே இல்லை.

மேல்தட்டுப் பிரிவான எஃப்.பி.எஸ். அணிகளின் சராசரிக் கூட்டம், அறிவித்த கணக்கிலேயே, 2017இல் 42,203, 2018இல் 41,856, 2021இல் 39,848 என இறங்கியது. அதன் பிறகு ஓரளவு மீண்டிருக்கிறது. ஆனால் நாட்டின் சராசரியை வைத்து உங்கள் அரங்கைப் பற்றி எந்த முடிவும் எடுக்க முடியாது. டிக்கெட், வாசல், மாணவர் பிரிவு ஆகியவற்றைக் கவனிக்கும் ஊழியர்களும் மாணவர் மன்றத்தினரும் தங்கள் அரங்கிலேயே செய்யக்கூடிய வேலைகள் இங்கே வருகின்றன.

அதற்கு முன் ஒன்று. "அணி ஜெயித்தால் கூட்டம் தானாக வரும்" என்ற பேச்சை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 2017 சீசனின் தேசிய சாம்பியனான அலபாமாவிலேயே மாணவர்கள் பாதி ஆட்டத்தில் எழுந்து போகிறார்கள் என்று பயிற்சியாளர் நிக் சேபன் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். வெற்றி உதவும். ஆனால் அது டிக்கெட் அலுவலகத்தின் கையில் இல்லை.

முதலில் உண்மையான எண்

கடந்த ஐந்து சீசன்களின் ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எதிரணி, தேதி, தொடக்க நேரம், வெப்பநிலை, விற்ற டிக்கெட், ஸ்கேன் ஆனது. ஸ்கேன் எண்ணை மூன்றாகப் பிரியுங்கள்: சீசன் டிக்கெட், தனி ஆட்ட டிக்கெட், மாணவர். எல்லாவற்றையும் ஒரே எண்ணாகப் பார்த்தால் நோய் எங்கே என்று தெரியாது. சீசன் டிக்கெட்காரர் வராதது பெரும்பாலும் தொடக்க நேரமும் எதிரணியும் சார்ந்தது. மாணவர் வராதது வேறு கதை. வாங்கியவர்களே குறைந்திருந்தால் அது விலையின் கதை.

ஸ்கேன் கணக்கு உள்ளே வந்தவரைச் சொல்லும், தங்கியவரைச் சொல்லாது. அதனால் பத்திரிகையாளர் மாடத்திலிருந்து எல்லாப் பிரிவுகளும் தெரியும்படி நான்கு முறை படம் எடுங்கள்: தொடக்கத்தில், முதல் குவார்ட்டர் முடிவில், இரண்டாம் பாதி தொடங்கி ஐந்து நிமிடத்தில், நான்காம் குவார்ட்டர் தொடக்கத்தில். முதல் படத்தில் காலியாகவும் இரண்டாவதில் நிறைந்தும் இருந்தால் வாசலில் கோளாறு. இரண்டாவதில் நிறைந்து மூன்றாவதில் காலியானால் வெயில், தண்ணீர், சாப்பாட்டு வரிசை இவற்றைப் பாருங்கள்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கியும் வராதவர்களில் இருநூறு பேரைத் திங்கள், செவ்வாய்க்குள் அழைத்துப் பேசுங்கள். "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் "வேலை இருந்தது" என்பார்கள், அதில் ஒன்றும் கிடைக்காது. "வர வேண்டாம் என்று எப்போது முடிவு செய்தீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டு வாரம் முன்பே என்றால் தொடக்க நேரம் அறிவித்ததும் மனம் மாறியிருக்கிறது. சனிக்கிழமை காலை என்றால் வானிலை, வாகன நெரிசல், டிக்கெட்டை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாத சிக்கல் இவற்றில் ஒன்று.

வாசல்

செலவு குறைவு, பலன் அதிகம் என்று சொல்லக்கூடிய இடம் இதுதான். பையைச் சோதித்து, உலோகச் சோதனை முடித்து, டிக்கெட் ஸ்கேன் ஆகும்வரை ஒரு வரிசையில் நிமிடத்துக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று கடிகாரம் வைத்துப் பத்து நிமிடம் எண்ணுங்கள். கருவி விற்றவர் சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எண்ணியதில் நிமிடத்துக்கு 7 பேர் என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்க்கும் கூட்டம் 30,000; அதில் 18,000 பேர் கடைசி 45 நிமிடத்தில் வருகிறார்கள். ஒரு வரிசை 45 நிமிடத்தில் 315 பேரை விடும். அப்படியானால் 58 வரிசை வேண்டும். உங்களிடம் 40தான் இருந்தால் 12,600 பேர் உள்ளே போயிருப்பார்கள், 5,400 பேர் ஆட்டம் தொடங்கும்போது வெளியே நிற்பார்கள். அவர்கள் உள்ளே வந்து முடிய இன்னும் 19 நிமிடம் ஆகும். குழந்தையோடு அப்படி ஒருமுறை நின்றவர் அடுத்த முறை டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

வரிசை ஒன்றைக் கூட்டுவதைவிட வேகத்தைக் கூட்டுவது மலிவு. வேகம் குறைவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. ஒன்று, பை. அமெரிக்க அரங்குகளில் பொதுவாக அனுமதிப்பது 12 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 12 அங்குல உயரத்துக்குள் அடங்கும் தெளிவான பிளாஸ்டிக் பை. வாகன நிறுத்தத்திலேயே ஆள் நிறுத்தி, தவறான பையோடு வருபவரை அங்கேயே திருப்புங்கள். வாசல்வரை வந்தவரைத் திருப்பினால் அவர் பின்னால் நிற்கும் முப்பது பேரும் காத்திருப்பார்கள். பை இல்லாதவருக்குத் தனி வரிசை வையுங்கள்.

இரண்டு, கைபேசி டிக்கெட். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையம் தேடும் இடத்தில் டிக்கெட் திறக்காது. டிக்கெட்டை வீட்டிலேயே கைபேசி வாலட்டில் சேமித்துக்கொள்ளச் சொல்லி வெள்ளிக்கிழமை மாலையும் சனிக்கிழமை காலையும் செய்தி அனுப்புங்கள். ஒரே கைபேசியில் ஐந்து டிக்கெட் வைத்திருக்கும் குடும்பத்தலைவர், திரை வெளிச்சம் குறைந்திருப்பவர், பாஸ்வேர்டு மறந்தவர் இவர்களை வரிசைக்கு வெளியே அழைத்து உதவ ஒவ்வொரு வாசலிலும் டேப்லெட்டோடு இருவர் வேண்டும்.

மூன்று, ஒரே வாசலில் குவிவது. ஆட்டத்துக்கு முன் ரசிகர்கள் காரருகே சமைத்துச் சாப்பிடும் டெயில்கேட் மைதானத்தை ஒட்டிய வாசலில்தான் எல்லோரும் நிற்பார்கள். நூறு அடி தள்ளி அடுத்த வாசல் காலியாக இருப்பது அவர்களுக்குத் தெரியாது. உயரமான பலகையும் மெகாஃபோனோடு ஒருவரும் போதும்.

வெளியே போய்த் திரும்பி வர அனுமதிக்கலாமா என்ற கேள்வி எப்போதும் எழும். வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2011இல் இடைவேளையில் வெளியே போய் வருவதை நிறுத்தியது, அதே சமயம் அரங்குக்குள் பியர் விற்கத் தொடங்கியது. காவல் துறைக்குப் போகும் சம்பவங்கள் குறைந்தன. வெளியே வேகவேகமாகக் குடித்துவிட்டு வருவது நின்றதே காரணம். தென்மாநிலப் பல்கலைக்கழகங்களின் எஸ்.இ.சி. கூட்டமைப்பு 2019இல்தான் பொது இருக்கைப் பகுதிகளில் மது விற்பனைக்குத் தடையை நீக்கியது. விற்பதானால் ஒவ்வொரு முறையும் வயதுச் சான்று பார்ப்பது, ஒருவருக்கு ஒரு முறைக்கு இரண்டு என்ற வரம்பு, மூன்றாம் குவார்ட்டர் முடிவில் நிறுத்துவது ஆகிய மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். பியர் கூட்டத்தைக் கொண்டுவரும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். வந்த கூட்டத்தைத் தங்கவைக்க உதவும், அவ்வளவுதான்.

வெயிலும் வரிசையும்

இடைவேளை 20 நிமிடம். ஒரு கல்லாவில் ஒருவருக்கு 50 விநாடி ஆனால் 24 பேருக்குத்தான் கொடுக்க முடியும். தண்ணீர், பாப்கார்ன், சோடா மட்டும் எடுத்துக்கொண்டு பணம் கட்டிப் போகும் கல்லாக்களைத் தனியே பிரித்தால் ஒருவருக்கு 15 விநாடி போதும். அதே நேரத்தில் 80 பேர். விலையும் பேசும். அட்லாண்டாவின் மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியம் 2017இல் ஹாட் டாக்கை 2 டாலருக்கும், மீண்டும் நிரப்பிக்கொள்ளும் சோடாவை 2 டாலருக்கும் விற்றது. விலை பழைய அரங்கைவிடப் பாதியாகியும் ஒருவர் செய்த செலவு 16 சதவீதம் கூடியது. அது தொழில்முறை அணியின் அரங்கு என்றாலும் கல்லூரிக்கும் பொருந்தும்.

செப்டம்பரில் தெற்கு மாநிலங்களில் பகல் ஆட்டம் என்றால், மூடி திறக்காத ஒரு தண்ணீர் பாட்டிலை உள்ளே கொண்டுவர விடுங்கள், இலவசக் குழாய்களை வெயில் படும் பக்கம் வையுங்கள். நிழல் பக்கம் வைத்துவிட்டு யாரும் பயன்படுத்தவில்லை என்று சொல்வதைப் பல இடங்களில் பார்க்கலாம். 2022 செப்டம்பர் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணி ரோஸ் பவுல் அரங்கில் ஆடிய முதல் ஆட்டத்துக்கு 27,143 பேர்தான். அந்த அரங்குக்கு 1982இல் மாறியதிலிருந்து அதுவரை அவ்வளவு குறைவாக வந்ததில்லை. கடும் வெயில், இன்னும் வகுப்பு தொடங்காததால் ஊரில் இல்லாத மாணவர்கள், வளாகத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரம் என மூன்றும் சேர்ந்துகொண்டன. தூரம் பெரிய சங்கதி. மினசோட்டா 2009லும் டுலேன் 2014லும் நகர அரங்கை விட்டு வளாகத்துக்கே திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

டி.வி.யோடு எப்படி வாழ்வது

டி.வி. கூட்டத்தைக் குறைக்கிறது என்ற பயம் புதிதல்ல. 1951லேயே கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. நேரடி ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தியது. 1984இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு வணிகப் போட்டியைக் காக்கும் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்ததும் கதவு திறந்துவிட்டது. இன்று ஒளிபரப்புப் பணம் இல்லாமல் பல்கலைக்கழக விளையாட்டுத் துறை நடக்காது. ஆட்ட நேரத்தைப் பெரும்பாலும் 12 நாள் முன்பு, சிலசமயம் 6 நாள் முன்புதான் டி.வி. நிறுவனங்கள் முடிவு செய்கின்றன. 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குடும்பம் அந்த ஆறு நாளில் விடுதி அறை பிடிக்க முடியாது.

நேரம் உறுதியாகும்வரை காத்திருக்காமல், கோடையிலேயே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் "காலை, பிற்பகல், இரவு" என்ற அளவிலாவது கூட்டமைப்பிடம் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். எஸ்.இ.சி. 2024இல் அப்படி அறிவித்தது. அரங்குக்குள் விளம்பர இடைவேளைகள்தான் ஆளைக் கொல்கின்றன. 2023இல் வந்த விதிப்படி, ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடம் தவிர மற்ற நேரத்தில் ஃபர்ஸ்ட் டவுன் (நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேறுவது) கிடைத்தாலும் கடிகாரம் நிற்பதில்லை. ஆனால் அது விளம்பரத்தைக் குறைக்கவில்லை. அந்த இடைவேளைகளில் பெரிய திரையில் கார் விளம்பரம் ஓட்டாமல், சர்ச்சைக்குரிய கட்டத்தின் மறுஒளிபரப்பையும் மற்ற ஆட்டங்களின் ஸ்கோரையும் காட்டுங்கள். வீட்டில் இருப்பவருக்குக் கிடைப்பது அரங்கில் இருப்பவருக்குக் கிடைக்காமல் போகக் கூடாது. வீட்டில் கிடைக்காதது ஒன்றும் உங்களிடம் இருக்கிறது: இசைக்குழு. ஒலிபெருக்கிப் பாட்டைக் குறைத்து அவர்களை வாசிக்க விடுங்கள்.

விலை

இலவச டிக்கெட்டை அள்ளி வீசுவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. பணம் கொடுக்காதவருக்கு வராமல் இருப்பதில் நஷ்டமில்லை. பணம் கொடுத்தவருக்கோ பக்கத்து இருக்கைக்காரர் சும்மா வந்தது தெரிந்ததும் அடுத்த ஆண்டு புதுப்பிக்க மனம் வராது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் சிறு தொகையாவது வாங்குங்கள். நான்கு டிக்கெட், நான்கு ஹாட் டாக், வாகன நிறுத்தம் சேர்ந்த குடும்பக் கட்டு நன்றாகவே விற்கும். நிறுத்தக் கட்டணம் டிக்கெட்டைவிட அதிகமாக இருக்கும் இடங்களில் சலுகையை அங்கேதான் காட்ட வேண்டும். சீசனின் ஏழு உள்ளூர் ஆட்டங்களுக்கும் வர முடியாதவருக்கு மூன்று ஆட்டச் சீட்டு கொடுங்கள், அதில் ஒன்றாவது நல்ல எதிரணியாக இருக்கட்டும். நல்ல இருக்கைக்காகக் கட்டாய நன்கொடை வாங்கும் அரங்குகள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்த நன்கொடையில் 80 சதவீதத்துக்குக் கிடைத்த வரிவிலக்கு 2018 முதல் இல்லை. தொகை மாறாவிட்டாலும் கொடுப்பவர் கைக்கு அது கூடுதல் செலவு.

வருடா வருடம் மேல் அடுக்கு நிரம்பவே இல்லையென்றால் இருக்கையைக் குறைப்பதில் வெட்கமில்லை. ஸ்டான்ஃபோர்டு 2006இல் சுமார் 85,000இலிருந்து 50,000க்கும், லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியம் 2019இல் 93,607இலிருந்து 77,500க்கும் வந்தன. ஐந்து ஆண்டு ஸ்கேன் எண்களைப் பெரியதிலிருந்து வரிசைப்படுத்தி, மூன்றாவது பெரிய எண்ணை இலக்காக வையுங்கள். முதல் இரண்டு பரம எதிரிகளோடு நடந்த ஆட்டங்களாக இருக்கும். அவற்றுக்காக ஐந்து ஆண்டு காலியாக வைத்திருக்க வேண்டியதில்லை.

மாணவர்கள்

இன்றைய மாணவர்தான் இருபது ஆண்டு கழித்து சீசன் டிக்கெட் வாங்குபவர். 2019இல் அலபாமா ஒரு செயலி கொண்டுவந்தது: ஆட்டத்துக்கு வந்தால் 100 புள்ளி, நான்காம் குவார்ட்டர்வரை இருந்தால் இன்னும் 250, புள்ளி அதிகமுள்ளவருக்குப் பெரிய ஆட்டங்களின் டிக்கெட்டில் முன்னுரிமை. இருப்பிடத்தைக் கண்காணிப்பதாக எதிர்ப்பும் வந்தது. புள்ளி முறை நல்லதுதான். இருப்பிடத்துக்குப் பதில், நான்காம் குவார்ட்டரில் மாணவர் பிரிவில் வைக்கும் க்யூ.ஆர். பலகையை ஸ்கேன் செய்யச் சொன்னால் போதும்.

நண்பர்கள் சேர்ந்து உட்கார முடியாவிட்டால் மாணவர் வரமாட்டார். 8 முதல் 12 பேர் குழுவாக டிக்கெட் கேட்கும் வசதி செய்யுங்கள். டிக்கெட் எடுத்துவிட்டு வர முடியாதவர் வியாழக்கிழமை இரவுக்குள் ஒரு தட்டலில் திருப்பித் தரட்டும். தராமல் இரண்டு முறை வராதவருக்கு மூன்றாவது ஆட்டத்தில் டிக்கெட் கடைசியாகக் கிடைக்கட்டும்.

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வாரத்து ஆட்டத்தில் மாணவர் பிரிவு காலியாகக் கிடக்கும், எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள். போகாதவர்கள் வெளிநாட்டு மாணவர்கள். தமிழ்நாட்டிலிருந்து முதுகலை படிக்க வந்து, வளாகத்திலேயே தங்கிவிடும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. ஃபர்ஸ்ட் டவுன் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தராததால்தான் பலர் வருவதில்லை. அந்த வாரத்துக்கு முந்தின செவ்வாய் மாலை ஒரு மணி நேர விதி வகுப்பு வையுங்கள்: நான்கு முயற்சியில் பத்து யார்டு, ஸ்கோர் வகைகள், மஞ்சள் கொடி எதற்கு, எப்போது கத்த வேண்டும், எப்போது அமைதி காக்க வேண்டும். அணியில் காயத்தால் ஆடாத ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்ததும் அங்கேயே, சேர்ந்து உட்காரும்படி ஒரே பிரிவில் டிக்கெட் கொடுங்கள். சைவ உணவு எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் டிக்கெட்டோடு அனுப்பும் செய்தியில் எழுதிவிடுங்கள்.