சாப்பிட மறுக்கும் பிள்ளை: சுற்றியிருப்பவர்கள் செய்யும் தவறுகள்

நுவரெலியாவில் எல்லோரும்தான் ஸ்வெட்டர் போடுகிறோம். அதனால் ஒரு பிள்ளை இரண்டு மூன்று ஸ்வெட்டருக்குள் மெலிந்துகொண்டே போவது வீட்டார் கண்ணுக்கே படுவதில்லை. பட்டினி கிடக்கிற உடம்புக்குக் குளிர் கூடுதலாக எடுக்கும் என்பதும் நினைவுக்கு வருவதில்லை. "கேஸ்ட்ரிக்கா இருக்கும்", "ஓ.எல். சோதனை டென்ஷன்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். உண்ணும் கோளாறு என்கிற இந்த நோய் வந்த எல்லாரும் மெலிவதும் இல்லை. சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் பிள்ளை பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும், உள்ளே பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு குழம்பலாம். பையன்களுக்கும் இது வரும்.

சரி, ஆஸ்பத்திரிக்குப் போயாயிற்று. உடம்பைப் பார்க்க ஒரு டொக்டர், மனநல வைத்தியர், உணவு ஆலோசகர் என்று பலர் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது. இங்கே அவர்கள் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது அபூர்வம். ஒருவர் நுவரெலியாவில், இன்னொருவர் கண்டியில், கிளினிக் நாளும் வேறு வேறு. ஒவ்வொரு பயணத்துக்கும் அம்மாவுக்குத் தோட்டத்தில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. ஒருவர் "நிறை கூட வேண்டும்" என்கிறார், மற்றவர் "வற்புறுத்தாதீங்க" என்கிறார். பிள்ளை எதைக் கேட்கும்? ஒரு சீ.ஆர். கொப்பி (கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு) வாங்குங்கள். நிறை, நாடித்துடிப்பு, மருந்து, அன்று எடுத்த முடிவு எல்லாவற்றையும் எல்லோரும் அதிலேயே எழுதட்டும். ஓரிடத்தில் ஸ்வெட்டரும் சப்பாத்துமாக, இன்னோரிடத்தில் அவை இல்லாமல் நிறை பார்த்தால் அந்தக் கணக்கும் வீண்.

எனக்கு அதிகம் கோபம் வருவது இன்னொன்றுக்கு. டொக்டர் சிங்களத்தில் கேட்பார், அம்மாவுக்கு விளங்காது, நோயாளியான மகளே மொழிபெயர்ப்பாள். "ராத்திரி என்ன சாப்பிட்டா?" என்ற கேள்வி, "நான் நல்லா படிக்கிறேனான்னு கேக்குறாங்கம்மா" என்று மாறிப்போனதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அவள்மீது குற்றமில்லை, பயம் அப்படிப் பேசவைக்கிறது. தமிழ் தெரிந்த மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவரைக் கூப்பிட்டுத் தரும்படி தயங்காமல் கேளுங்கள்.

அம்மாவைக் குற்றவாளியாக்குவதும் வேண்டாம். 1980களில் லண்டன் மோட்ஸ்லி ஆஸ்பத்திரியில் தொடங்கிய குடும்பச் சிகிச்சையில், ஆரம்பத்தில் சாப்பாட்டுப் பொறுப்பே பெற்றோர் கையில்தான். ஆனால் கொழுந்தெடுக்கப் போன அம்மா பகல் சாப்பாட்டுக்கு எப்படிப் பக்கத்தில் உட்காருவார்? அப்பாயியா, வகுப்பு டீச்சரா என்பதை முன்கூட்டியே பேசி முடிவுசெய்ய வேண்டும்.

வெகுநாள் பட்டினி கிடந்த பிள்ளைக்கு ஒரேயடியாக விருந்து வைப்பது ஆபத்து. இரத்தத்தில் பொஸ்பேற் சட்டென்று இறங்கி இதயம் தடுமாறும். முதல் நாட்களின் அளவை டொக்டர்தான் சொல்ல வேண்டும். 'ரிப்போர்ட் எல்லாம் நோர்மல்' என்பதையும் நம்பி இருந்துவிடாதீர்கள். விழித்து ஓய்வாக இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே இருந்தாலோ மயங்கி விழுந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அப்புறம், நிறை கூடியதும் கிளினிக்கை நிறுத்துவது. மனம் தேற இன்னும் மாதங்கள் பிடிக்கும். கோயில் திருவிழாவில் அத்தை ஒருத்தி "இப்பத்தான் நல்லா உடம்பு வச்சிருக்க" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவாள். அன்றிரவு ரொட்டித் தட்டு அப்படியே இருக்கும்.