சீலுக்கு மயக்க ஊசி: மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வது எப்படி

சிங்கப்பூரிலிருந்து கால்நடை மருத்துவம் படிக்க ஆஸ்திரேலியாவுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குத் தென்கடல் தீவுகளிலோ அண்டார்க்டிகாவிலோ சீல் (கடல்நாய்) ஆய்வுக் குழுவில் உதவியாளராகும் வாய்ப்பு சில நேரம் வரும். நாயையும் பூனையையும் மயக்கிப் பழகிய கைக்கு மருந்துகளின் பெயர் ஒன்றும் புதிதாக இருக்காது. ஆனால் சீலின் உடம்பு வேறு. அனுமதி பெற்ற ஆய்வில், உரிமம் உள்ள மருத்துவரின் மேற்பார்வையில் வேலை செய்பவர்களுக்கான குறிப்பு இது.

சீல் ஆழத்தில் மூழ்கும்போது மூச்சை அடக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும், துடுப்புகளுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கி மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும். மயக்கம் ஏறும்போது இதே ஏற்பாடு கரையிலும் கிளம்பிவிடலாம். மயக்கத்தில் சாகும் சீல்களில் பல இப்படி மூச்சு நின்றே சாகின்றன. அதனால் ஊசி போடுவதற்கு முன்பே மூச்சுக்கான ஏற்பாடு முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் விரிந்திருக்க வேண்டும்: மூன்று அளவுகளில் மூச்சுக்குழாய் டியூப், தொண்டைக்குள் பார்க்க நீளமான லாரிங்கோஸ்கோப், கையால் அழுத்தும் பை, ஆக்ஸிஜன், மயக்கத்தைத் தெளிவிக்கும் முறிமருந்து நிரப்பிப் பெயர் எழுதிய சிரிஞ்சுகள். சீல் மூச்சை நிறுத்திய பிறகு பெட்டியைத் திறந்து தேடுவது தாமதம்.

முதலில் தூரத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அதன் மூச்சை எண்ணுங்கள். கரையில் தூங்கும் யானைச் சீல் மயக்கமே இல்லாமல் பல நிமிடம் மூச்சை அடக்கும். இயல்பான இடைவெளி எவ்வளவு என்று எழுதி வைக்காவிட்டால், பிறகு எது ஆபத்து, எது அதன் வழக்கம் என்று பிரித்தறிய முடியாது.

அடுத்தது இடம். மருந்து ஏறிய சீல் தண்ணீருக்குள் போனால் மூழ்கிவிடும். நீர்விளிம்புக்கும் பனியில் உள்ள மூச்சுத் துளைக்கும் பக்கத்தில் கிடக்கும் விலங்கை விட்டுவிடுங்கள், எவ்வளவு நல்ல மாதிரியாக இருந்தாலும். ஓத நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடைக் கணிப்பில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. பாலூட்டும் யானைச் சீல் தாய் சுமார் மூன்று வாரத்தில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். ஆகவே பருவத்தின் தொடக்கத்தில் போட்ட கணக்கு கடைசியில் பொருந்தாது. சந்தேகம் வந்தால் குறைந்த எடையை வைத்துக் கணக்கிடுங்கள்.

மருந்து இனத்தைப் பொறுத்தது. தெற்கு யானைச் சீலுக்குத் தலையில் கேன்வாஸ் பையைப் போட்டு அடக்கி, நாளத்தில் (சிரையில்) டைலெட்டமின்–சோலாசெபம் கலவையைக் கிலோவுக்கு சுமார் 0.5 மி.கி. கொடுப்பார்கள், தசையில் என்றால் சுமார் 1 மி.கி. இக்கலவை வரும் சோலெட்டில் 100 குப்பியை 5 மி.லி.யில் கரைத்தால் மி.லி.க்கு 100 மி.கி. கிடைக்கும். 400 கிலோ தாய்க்கு நாளத்தில் 200 மி.கி., அதாவது 2 மி.லி. போதும். இதே கலவையை வெட்டெல் சீலுக்கும் சிறுத்தைச் சீலுக்கும் கொடுத்து மரணங்கள் நேர்ந்திருக்கின்றன. அவற்றுக்கு மிடாசோலமும் பியூட்டர்ஃபெனாலும் சேர்ந்ததையே தேர்ந்தெடுங்கள். இரண்டையும் முறிக்க மருந்து உண்டு என்பதே பெரிய காரணம். அளவு இரண்டும் கிலோவுக்கு 0.15 முதல் 0.2 மி.கி. 300 கிலோ சீலுக்கு உச்ச அளவில் 60 மி.கி. மிடாசோலம் வேண்டும். மருத்துவமனை ஆம்பூலில் மி.லி.க்கு 5 மி.கி.தான் இருக்கும், 12 மி.லி.யை ஒரு டார்ட்டில் (தூரத்திலிருந்து எய்யும் ஊசியில்) அடைக்க முடியாது. மி.லி.க்கு 50 மி.கி. செறிவில் தயாரித்து வாங்கினால் 1.2 மி.லி.யில் முடியும். மிடாசோலத்தை முறிக்கும் ஃப்ளூமாசெனிலில் இதற்கு நேர்மாறான சிக்கல்: 20 மி.கி. மிடாசோலத்துக்கு 1 மி.கி. என்று கணக்கிட்டால் 3 மி.கி. தேவை, 0.5 மி.கி. ஆம்பூலில் ஆறு. ஒன்றிரண்டு மட்டும் எடுத்துப் போகாதீர்கள்.

ஊசி எங்கே போய் நிற்கிறது என்பது மருந்தின் அளவுக்குச் சமமாக முக்கியம். தோலுக்கடியில் சில செ.மீ. தடிமனில் கொழுப்பு இருக்கும். ஊசி குட்டையாக இருந்தால் மருந்து கொழுப்பிலேயே தங்கி, மெதுவாகக் கசியும். பதினைந்து நிமிடமாகியும் சீல் தலையைத் தூக்கிப் பார்க்கிறதே என்று இரண்டாவது ஊசி போடுவார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும். நாளம் வேண்டுமென்றால், வெளிக்காது இல்லாத நிஜச் சீல்களில் முதுகெலும்புக்குள் ஓடும் பெரிய சிரை இடுப்புப் பகுதியில் கிடைக்கும். 18 கேஜ், 90 மி.மீ. ஸ்பைனல் ஊசியை நடுக்கோட்டில் நேராக இறக்குங்கள். எதிர்ப்பு சட்டென்று விலகும். உள்கம்பியை உருவியதும் கருஞ்சிவப்பு ரத்தம் ஊசியின் வாயில் ஊறி நிற்கும். அது வராமல் மருந்தைத் தள்ளாதீர்கள். தோலைக் கிருமிநாசினியால் நன்றாகத் துடைத்திருக்க வேண்டும், குத்துவது முதுகெலும்புக்குள்.

மயக்கம் ஏறியதும் ஒருவர் மூச்சை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவருக்கு வேறு வேலை தரக்கூடாது. கழுத்தை நீட்டி வையுங்கள். நாக்கின் நிறத்தைப் பாருங்கள். பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நாக்கில் மாட்டலாம், ஆனால் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருந்தால் அது பொய் சொல்லும். அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எழுதி வைத்த இடைவெளியைத் தாண்டினால் மீசையையும் மூக்குத் துளையையும் சீண்டி, உடம்பைப் புரட்டுங்கள். அசையவில்லையென்றால் முறிமருந்து, உடனே டியூப், ஆக்ஸிஜன். ஐந்து நிமிடம் கடந்தும் "அதுவாக எடுத்துக்கொள்ளும்" என்று காத்திருப்பது தவறு.

ஆசனவாயில் ஆழமாக விட்ட வெப்பமானி சுமார் 37 டிகிரி காட்ட வேண்டும். 39ஐத் தாண்டினால் துடுப்புகளில் தண்ணீர் ஊற்றுங்கள், வெப்பம் அங்கேதான் வெளியேறும். நம் ஊர் 31 டிகிரி வெயிலில், புழுக்கத்தில், காட்சியகக் கடல்சிங்கத்தை மயக்க நேர்ந்தாலும் விதி இதேதான்: விடிகாலை, நிழல், பக்கத்தில் ஐஸ் வாளி.

முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். தலையைத் தூக்கி, கூப்பிட்டால் திரும்பி, தடுமாறாமல் நகரும்வரை அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் ஆள் நிற்க வேண்டும். பெரிய ஆண் சீல்கள் மேலே ஏறிவிடாமலும் பாருங்கள்.

மருந்தை இங்கிருந்து எடுத்துப் போகாதீர்கள். விலங்குகளை மயக்கப் பயன்படும் கெட்டமின் சிங்கப்பூர்ச் சட்டத்தில் பி வகைக் கட்டுப்பாட்டுப் பொருள். எல்லா மருந்தும் ஆய்வு நிலையத்தின் பதிவேடு வழியாகத்தான் கைக்கு வர வேண்டும். 2023இல் அர்ஜென்டினாவில் எச்5என்1 பறவைக் காய்ச்சலால் யானைச் சீல் குட்டிகள் ஆயிரக்கணக்கில் செத்தன. முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். ஊர் திரும்பிய பிறகு கடிபட்ட விரல் வீங்கி வலித்தால், பாலிகிளினிக்கில் முதலிலேயே சீலைக் கையாண்டதைச் சொல்லுங்கள். "சீல் விரல்" எனப்படும் இந்த மைக்கோபிளாஸ்மா தொற்றுக்கு பென்சிலின் வகை வேலை செய்யாது, டெட்ராசைக்ளின் வகைதான் வேண்டும்.