விலைச்சீட்டில் எழுதாததைக் கேளுங்கள்: படிப்புக்கும் கேமுக்கும் ஒரே லேப்டாப்

அக்கா மகனுக்கு தென்னாப்பிரிக்காவில், டர்பனில் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இடம் கிடைத்தது. "மாமா, பட்ஜெட் 20,000 ரேண்ட். படிக்கவும் வேண்டும், ராத்திரி கேம் ஆடவும் வேண்டும்" என்று மெசேஜ் போட்டான். பத்து நிமிடத்தில் அக்கா போன் செய்து, "அவன் கேம் என்று சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதேடா, படிப்புக்கு மட்டும் பார்" என்றாள். இரண்டு பேருக்கும் நல்லவனாக இருக்க வேண்டியிருந்ததால் உட்கார்ந்து ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். அதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன்.

முதலில் என் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் "கேமிங் லேப்டாப்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து வாங்கினேன். கிராஃபிக்ஸ் கார்டின் (கேமின் படத்தை வரைகிற சிப்) பெயர் சரியாகத்தான் இருந்தது, ப்ராசஸர் பெயரும் சரி. வீட்டுக்கு வந்து கேமைப் போட்டால் நண்பனுடைய அதே கார்டு ஓடுகிற வேகத்தில் பாதிதான் வந்தது, திரையோ வெளுத்துப்போன சட்டை மாதிரி. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. விலைச்சீட்டில் இருப்பது பெயர்கள் மட்டும்தான், காசு எங்கே மிச்சம் பிடிக்கப்பட்டது என்பது அதில் இருக்காது.

படி 1: எந்தப் படிப்பு என்று தெரிந்த பிறகு வாங்குங்கள்

நம் ஊரில் இது ஒரு சங்கடம். விலை இறங்குவது நவம்பரில், பிளாக் ஃப்ரைடே சமயத்தில். மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) ரிசல்ட் வருவது ஜனவரியில். காமர்ஸா, இன்ஜினியரிங்கா என்று தெரியாமலே பலர் நவம்பரில் வாங்கிவிடுகிறார்கள். காமர்ஸ், சட்டம், ஆசிரியர் படிப்பு என்றால் எந்த லேப்டாப்பும் போதும், கேமுக்காக மட்டும் யோசித்தால் சரி. இன்ஜினியரிங் என்றால் விண்டோஸ் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: இயந்திர வடிவமைப்புக்கான சாலிட்வொர்க்ஸ், ஆட்டோடெஸ்க் இன்வென்டர் இரண்டும் மேக்கில் நேரடியாக ஓடாது. ஸ்னாப்டிராகன் ப்ராசஸர் போட்ட விண்டோஸ் லேப்டாப்களும் வருகின்றன, பேட்டரி அருமையாக நிற்கும், ஆனால் கேம்களிலும் இந்த மாதிரி மென்பொருள்களிலும் தகராறு வரும் என்பதால் நம் வேலைக்கு வேண்டாம்.

அப்புறம், மென்பொருளுக்குக் காசு ஒதுக்காதீர்கள். ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறது. ஆஃபிஸையும் பல பல்கலைக்கழகங்கள் மாணவர் மின்னஞ்சலோடு சேர்த்தே கொடுத்துவிடும். கடையில் "ஆஃபிஸும் சேர்த்து" என்று கூடுதலாக விற்கப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படி 2: கிராஃபிக்ஸ் கார்டின் வாட்டைக் கேளுங்கள்

இதில்தான் நான் ஏமாந்தேன், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் வருகிற லேப்டாப் கார்டுக்கு அதைச் செய்கிற என்விடியா கம்பெனி கொடுத்திருக்கும் மின்சக்தி வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. லேப்டாப் செய்கிற கம்பெனி தன் பெட்டியின் தடிமனுக்கும் ஃபேனுக்கும் ஏற்ற மாதிரி அதற்குள் ஒரு எண்ணை வைத்துக்கொள்ளும். மெலிசான, அழகான லேப்டாப்பில் 45 வாட்டில் ஓடுகிற 4060, தடிமனான பெட்டியில் 95 வாட்டில் ஓடுகிற, ஒரு படி கீழான 4050-இடம் தோற்றுப்போகக்கூடும். விலையோ 4060-க்குத்தான் அதிகம்! விலைச்சீட்டில் இரண்டும் பெயராக மட்டும்தான் நிற்கும்.

கம்பெனியின் வலைத்தளத்தில் அந்த மாடலின் முழு விவரப் பக்கத்தில் "டிஜிபி" அல்லது "அதிகபட்ச கிராஃபிக்ஸ் பவர்" என்று தேடினால் எண் கிடைக்கும். கடையில் மாதிரிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பார்த்தாலும் தெரியும். இந்த இரண்டு கார்டுகளுக்கும் ஏறக்குறைய 100 வாட்டைத் தாண்டினால் பெரிய லாபம் வராது, அதனால் பூஸ்டையும் சேர்த்து "140 வாட்" என்று பெருமையாகச் சொன்னால் அதற்கென்று தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

கார்டின் சொந்த நினைவகமும் முக்கியம். இவற்றுக்கு முந்தைய 3050-இல் 4 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு வகை உண்டு. 4 ஜிபியை இன்றைக்குப் புதிதாக வாங்காதீர்கள். 4050-க்கு 6, 4060-க்கு 8. சிஎஸ் 2, டோட்டா 2, ஃபோர்ட்நைட், ஃபிஃபா வகையறா மட்டும் ஆடுகிறவனுக்கு 6 தாராளம். சிஎஸ் 2-க்கும் டோட்டாவுக்கும் ஜோஹன்னஸ்பர்க்கிலேயே சர்வர் இருப்பதால் டர்பனிலிருந்து பிங் (சர்வருக்குப் போய் வருகிற நேரம்) பிரச்சினை இல்லை. ஐரோப்பிய சர்வரில் ஓடுகிற கேமுக்கு எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் கடல் தாண்டிப் போய் வருகிற நேரம் குறையாது, அதையும் அவனிடம் சொல்லிவைத்தேன்.

படி 3: ரேம் எத்தனை ஸ்டிக்?

16 ஜிபி வேண்டும். ஆனால் ஒரே ஸ்டிக்கில் (ரேம் இருக்கிற சின்னப் பட்டை) 16-ஆ, 8 ஜிபி இரண்டா? இரண்டாக இருந்தால் ப்ராசஸர் இரண்டு வழியில் பேசும், கேம் வேகத்தில் அது கண்ணுக்குத் தெரியும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று போட்டிருக்கும். சில மெலிசான மாடல்களில் ரேமை போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு ஏற்றவே முடியாது. "8 ஜிபி வாங்கி அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்" என்பது முன்பு நல்ல யோசனை. 2025 கடைசியில் ரேம் விலை ஏறியதிலிருந்து எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எஸ்எஸ்டி (கோப்புகளையும் கேம்களையும் வைக்கிற இடம்) 512 ஜிபி வைத்துத் தொடங்கலாம், ஆனால் இன்னொரு எஸ்எஸ்டி செருக இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பால்டர்ஸ் கேட் 3 என்கிற கேம் ஒன்றே 150 ஜிபி கேட்கும்.

ப்ராசஸரில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். பெயர் எச், எச்எஸ் அல்லது எச்எக்ஸ் என்று முடிந்தால் கேமுக்கு ஆகும், யூ என்று முடிந்தால் ஆபிஸ் வேலைக்கானது. ஏஎம்டி கம்பெனியின் 7000 வரிசை ப்ராசஸர்களில் மட்டும் ஒரு குறும்பு உண்டு: மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 7840-இல் 4 என்றால் ஜென் 4 என்கிற புதிய வடிவமைப்பு, 7735-இல் 3 என்றால் பழைய ஜென் 3 வகை. மோசமில்லை, ஆனால் அதற்குத் தக்க விலைதான் கொடுக்க வேண்டும்.

படி 4: திரை

144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) என்று பெரிதாக எழுதுவார்கள், நிறத்தைப் பற்றி எழுத மாட்டார்கள். விவரப் பக்கத்தில் "45% என்டிஎஸ்சி, 250 நிட்ஸ்" என்றிருந்தால் அது என் பழைய வெளுத்த சட்டை. "100% எஸ்ஆர்ஜிபி, 300 நிட்ஸ்" அல்லது அதற்கு மேல் தேடுங்கள்: சதவீதம் எவ்வளவு நிறம் காட்டும் என்பது, நிட்ஸ் எவ்வளவு வெளிச்சம் என்பது. நான்கு வருடம் அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறான். கார்டில் ஒரு படி இறங்கியாவது நல்ல திரை வாங்கு என்பேன் நான், மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

படி 5: கரண்ட் போனால்?

2023-இல் ஆறாம் கட்ட லோட் ஷெட்டிங்கில் (முறைவைத்து வந்த மின்வெட்டு) அசைன்மென்ட் எழுதியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. இருந்தாலும் கேபிள் திருட்டு, மழை என்று ஏதாவது வந்துகொண்டுதான் இருக்கிறது. கணக்கு எளிது: பேட்டரியின் வாட்-ஹவரை, வேலை இழுக்கும் வாட்டால் வகுங்கள். 60 வாட்-ஹவர் பேட்டரி, டைப் அடிக்க 12 முதல் 15 வாட், ஆக நான்கைந்து மணி நேரம். இரண்டு மணி நேர வெட்டைச் சிரமமில்லாமல் தாண்டலாம். கேம் ஆடினால் ஒரு மணி நேரம்கூட நிற்காது, அதுவும் சார்ஜர் இல்லாமல் கார்டு பாதி வேகத்தில்தான் ஓடும். பேட்டரியில் கேம் என்பதை மறந்துவிடுங்கள்.

யுஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஏறுமா என்று கேளுங்கள். ஏறினால் வளாகத்துக்கு முக்கால் கிலோ சார்ஜரைச் சுமக்காமல் சின்ன 100 வாட் சார்ஜரோடு போகலாம். போன கரண்ட் திரும்பும்போது வோல்டேஜ் குதிக்கும், அதனால் சர்ஜ் ப்ரொடெக்டர் இல்லாமல் சுவரில் நேராகச் செருகாதீர்கள். சார்ஜர் கம்பியில் நம் ஊர் மூன்று உருண்டைக் கால் பிளக் இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்க பிளக் இருந்தால் வெளிநாட்டிலிருந்து தனியாக இறக்கிய சரக்காக இருக்கலாம், வாரன்டி இங்கே செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

படி 6: காசு கொடுப்பதும், பெட்டியைத் திறப்பதும்

ஆன்லைனில் வாங்கினால் 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்து ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், அனுப்புகிற செலவு மட்டும் நம்முடையது. கடையோ ஆன்லைனோ, பழுதுள்ள பொருள் என்றால் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் தருகிறது: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தீர்மானிப்பது நாம், கடைக்காரர் அல்ல. ஃபேஸ்புக்கில் யாரோ தனி ஆள் விற்கிற பழைய லேப்டாப்புக்கு இந்தச் சட்டம் துணைக்கு வராது. பழையதுதான் வாங்கியாக வேண்டுமென்றால் விண்டோஸ் 11 ஏறுமா என்று முதலில் பாருங்கள், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

புதிதோ பழையதோ, முதல் நாளே சார்ஜரைப் போட்டு ஒரு மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் படுக்கை மேல் வைத்து ஓட்டினால் எந்த லேப்டாப்பும் தவிக்கும், மேசை மேல் பின்பக்கம் சற்றுத் தூக்கி வையுங்கள். விசைப்பலகைக்கு மேலே பன்னி சௌ (ரொட்டிக்குள் கறிக்குழம்பு ஊற்றிய டர்பன் சாப்பாடு) சாப்பிடாதீர்கள், இதைச் சும்மா சொல்லவில்லை, அனுபவம்.

மருமகன் கடைசியில் வாங்கியது 95 வாட் 4050, 8 ஜிபி ரேம் இரண்டு, பட்ஜெட்டுக்குள். கேமைப் போட்டுக் காட்டினான், ஃபேன் இரைந்தது. சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "படிக்கிற லேப்டாப் ஏன்டா இப்படிச் சத்தம் போடுகிறது?" என்று என்னைக் கேட்டாள். சைலன்ட் மோடில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.