காத்து வாற பக்கம், ஓட்டம் போற பக்கம்: வானிலை அறிக்கையில விடக்கூடாத பிழைகள்

மழைகாலத்தில உதவிக்குப் போற பொடியனுகளுக்கு வானிலை அறிக்கை எப்பிடி வாசிக்கிற எண்டு மட்டக்களப்பில சொல்லிக் குடுத்துக்கிட்டு வாறன். நான் பதினெட்டு வயசில விட்ட அதே பிழைகள அவனுகளும் விடுறதப் பாக்கக்க மனசு கேக்குதில்ல, அதான் எழுதிறன். எழுத்துப்பிழை, திகதி மாறினதெல்லாம் தானாச் சரியாகும், அத விடுவம்.

காத்துக்கும் நீரோட்டத்துக்கும் திசை ஒரே மாதிரி எண்டு நினைக்கிறது

இதுதான் எனக்கு இண்டைக்கும் கோவம் வாற பிழை. போன கிழமையும் ஒரு தம்பி போர்ட்ல அம்புக்குறி கீறினான், வடகிழக்குக் காத்துக்கு அம்பு வடகிழக்கப் பாத்து நிக்குது, தெற்கு நீரோட்டத்துக்குத் தெற்கப் பாத்து நிக்குது, ரெண்டும் ஒண்டையொண்டு தள்ளும் எண்டு விளக்கமும் சொல்றான்.

நானும் அப்பிடித்தான் நினைச்சன். ஒரு மார்கழி, மாமா காய்ச்சலில கிடந்தார், நானும் மச்சானும்தான் கல்லடியிலருந்து போட் எடுத்தம். காத்து வடகிழக்கு, ஓட்டம் தெற்கு, அப்ப ரெண்டும் எதிரும் புதிருமா இழுக்க வலை போட்ட இடத்திலயே நிக்கும் எண்டு நான் கணக்குப் போட்டு, தெற்கால கல்லுத்தரை இருக்கெண்டு தெரிஞ்சும் அதுக்குக் கிட்டப் போட்டுட்டுக் கண்ணயர்ந்தம். விடியக்க முழிச்சுப் பாத்தா வலை முழுக்கக் கல்லில, இழுக்க இழுக்கக் கிழியுது, பாதிதான் வந்திச்சு. மாமா ஏசல்ல. "மருமகன், கச்சான் காத்து எங்கயிருந்து வருது?" எண்டு கேட்டார். மேற்கால எண்டன். "வாடை?" வடக்கால. "அப்ப காத்துக்கு அது வாற பக்கத்துப் பேரு. ஓட்டத்துக்குப் போற பக்கத்துப் பேரு." அவ்வளவுதான் சொன்னார்.

வடகிழக்குக் காத்து எண்டா அது தென்மேற்கத் தள்ளுது. தெற்கு ஓட்டம் எண்டா அது தெற்க இழுக்குது. எதிர் இல்ல, கிட்டத்தட்ட ஒரே பக்கம். கார்த்திகை மார்கழியில எங்கட கிழக்குக் கரையோட ஓட்டம் தெற்க இறங்கிறதால இந்தப் பிழை அந்த மாசங்களிலதான் ஆளக் கவுக்கும். வலை போனா கடன வாங்கியாவது வாங்கலாம். எஞ்சின் நிண்ட போட்டத் தேடப் போறவன் இதப் பிழையா விளங்கினா, கிரான்குளம் பக்கம் தேடவேண்டிய ஆள வாழைச்சேனைப் பக்கம் தேடிக்கிட்டு நிப்பான். அதனாலதான் இத மட்டும் நான் பத்துத்தரம் கேட்டுக் கேட்டு எழுதவைக்கிற.

பருவக்காத்து எண்டாலே மழை எண்டு நினைக்கிறது

பருவக்காத்து எண்டது காத்து, மழை இல்ல. ஆனி ஆடியில தென்மேற்குப் பருவக்காத்து மலைநாட்டில ஏறக்க மழைய அந்தப்பக்கமே கொட்டிடும், மறுகா இந்தப்பக்கம் இறங்கக்க அமுங்கிச் சூடாகி, காஞ்ச கச்சானா வந்து எங்கள வறுக்குது. சில நாள் கடல்காத்தையே உள்ள வர விடாது. அமெரிக்க வானிலைச் சங்கத்தின்ட அகராதியில கச்சான் எண்ட எங்கட சொல் மட்டக்களப்புப் பேரோடயே இருக்கு, அத இங்க உள்ள பிள்ளைகள் அறியாம இருக்கிறது எனக்குப் பெரிய கவலை.

மில்லிமீற்றரச் சின்னக் கணக்கா எடுக்கிறது

ஒரு மில்லிமீற்றர் மழை எண்டா ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் தண்ணி. 100 மில்லிமீற்றர் பெஞ்சா ஒரு ஏக்கர் வயலுக்கு நாலு லட்சம் லீற்றருக்கு மேல, அதாவது 1000 லீற்றர் கறுப்புத் தாங்கி 400. வாவி கடலோட சேர்ற முகத்துவாரம் மண் மூடிக் கிடந்தா அந்தத் தண்ணி வாவிய விட்டு எங்க போற?

தாழமுக்கம் எல்லாம் சூறாவளி இல்ல

காத்து மணிக்கு 63 கிலோமீற்றர் தாண்டினாத்தான் சூறாவளி, அப்பதான் பேரும் வைக்கிற.

சுனாமியும் புயல் அலையும் வேற வேற

புயல் அலை எண்டது சூறாவளிக் காத்து கரைக்குத் தள்ளுற கடல்தண்ணி. 2004இல வந்த சுனாமி கடலுக்கடியில நிலம் நடுங்கினதால. காத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

காத்து நிண்டா புயல் முடிஞ்சிது எண்டு வெளிய வாறது

சூறாவளியின்ட கண் தலைக்கு மேல வரக்க எல்லாம் அடங்கும், சில நேரம் வெள்ளியும் தெரியும். அது நடுப்பகுதி. கண் தாண்டினதும் காத்து எதிர்ப்பக்கத்தால திரும்பி அடிக்கும், முதல் காத்தில ஆடி நிண்ட மரமும் சுவரும் அதிலதான் சாயும். மட்டக்களப்பச் சூறாவளி அடிச்ச 1978 நவம்பர் 23 ராத்திரியக் கண்ட கிழவன் கிழவி இன்னும் ஊர்ல இருக்காங்க, பொடியனுகள அவங்களிட்டக் கூட்டிப் போய் இருத்திக் கேக்கவைக்கிறன்.