குரல் நின்ற பிறகு: மனச்சிதைவு உள்ளவரைப் பழைய நடமாட்டத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

"காதுல குரல் கேக்கறது நின்னுபோச்சு டாக்டர். ஆனா எப்பப் பாத்தாலும் படுத்துனே கீறான்." வடசென்னையில் மனச்சிதைவு நோய்க்கு (ஸ்கிசோஃப்ரினியா: இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் வருவது) மருந்து எடுப்பவர்களின் வீட்டார் அடிக்கடி சொல்வது இது. அடுத்து வரும் வார்த்தை பெரும்பாலும் 'சோம்பேறி'. அதை முதலில் விட்டுவிடுங்கள். ஒருவர் படுத்தே கிடப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

முதலாவது, மருந்து தரும் தூக்கம். ஓலான்சபின், குளோசபின், குளோர்புரோமசின் எடுப்பவர்களுக்கு இது அதிகம். காலையில் எழுப்ப முடியாது. பதினொரு மணிக்கு மேல் தெளிவார், மாலையில் நன்றாகவே பேசுவார். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குத் தெளிவு என்று ஒரு வாரம் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். பகல் மாத்திரையை இரவுக்கு மாற்றுவது, இரவு பத்தரைக்குப் போடுவதை எட்டு மணிக்கே போடுவது போன்ற சின்ன மாற்றங்களே பலருக்குப் போதும்.

இரண்டாவது, உடல் விறைப்பு. ஹாலோபெரிடால், ட்ரைஃப்ளுபெராசின், ரிஸ்பெரிடோன் ஆகியவற்றில் இது வரும். முகத்தில் அசைவு குறையும், கை நடுங்கும், எச்சில் வழியும். தெருவில் இருபது அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். கை வீசாமல் குட்டிக் குட்டி அடியாக நடந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார், அல்லது ட்ரைஹெக்ஸிஃபெனிடில் சேர்ப்பார். அந்த மாத்திரைக்கும் விலை உண்டு: வாய் வறளும், மலச்சிக்கல் வரும், ஞாபகம் மங்கும். ஒவ்வொரு முறை போகும்போதும் "இது இன்னும் வேணுமா?" என்று கேளுங்கள்.

இதற்கு நேர்மாறாக, உட்கார முடியாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருப்பவர்களும் உண்டு. நோய் முற்றிவிட்டதென்று நினைத்து வீட்டார் மருந்தைக் கூட்டச் சொல்வார்கள். அது மருந்தால் வந்த தவிப்பாக இருந்தால், கூட்டக் கூட்டத் தவிப்பும் கூடும். "காலுக்குள்ள குடைச்சலா இருக்கா, நிக்க முடியலையா?" என்று அவரிடமே கேட்டுவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.

மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில் கழுத்து ஒரு பக்கம் இழுத்து, கண் மேலே சொருகினால் மந்திரிக்க அழைத்துப் போக வேண்டாம். அதுவும் பக்கவிளைவுதான். அவசரப் பிரிவில் போடும் ஒரு ஊசியில் சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும். கடும் காய்ச்சல், உடம்பு கட்டை போல விறைப்பு, குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் உடனே 108.

மூன்றாவது, நோயே. இந்த மருந்துகள் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தடுத்துக் குரலையும் சந்தேகத்தையும் அடக்குகின்றன. ஆர்வம் வற்றிப்போவது, பேச்சு சுருங்குவது, ஆட்களைத் தவிர்ப்பது ஆகியவற்றில் அவற்றின் பலன் குறைவு. வீட்டின் உழைப்பு தேவைப்படும் இடம் இதுதான்.

ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். டீ வாங்கி வருவது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் உங்களோடு கடைவரை நடந்து வந்தால் போதும், பேச வேண்டியதில்லை. இரண்டாம் வாரம் காசை அவர் கொடுக்கட்டும். மூன்றாம் வாரம் "ரெண்டு டீ" என்று அவர் சொல்லட்டும், நீங்கள் பத்தடி தள்ளி நில்லுங்கள். பிறகு தனியாக. கூட்டம் இல்லாத பிற்பகல் மூன்று மணி நல்ல நேரம். ரேஷன் கடை வரிசையையும் தண்ணீர் லாரிக் கூட்டத்தையும் கடைசிக்கு வையுங்கள். இடிபாடும் சத்தமும் பழைய சந்தேகத்தைக் கிளப்பும். ஒரு நாள் போகவில்லையென்றால் திட்டாமல் முந்தைய படிக்கே திரும்புங்கள். தெருவில் யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலை வீட்டிலேயே பழக்குங்கள்: "உடம்பு முடியாம இருந்தேன், இப்ப பரவால்ல." பலர் வெளியே வராததற்கு அந்தக் கேள்வியின் பயமே காரணம்.

பேசும்போது ஒரு நேரத்தில் ஒரு விஷயம். கேட்டுவிட்டுப் பத்து நொடி பொறுங்கள், பதில் தாமதமாகத்தான் வரும். ஓயாத குறை சொல்லல் நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டுகிறது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை ஒற்றை அறை வீட்டில் விலகி இருப்பது கடினம். அதனால் தினமும் அரை மணி நேரமாவது யாராவது ஒருவர் வெளியே போய்விடுங்கள். மாலையில் அவரோடு காசிமேட்டுக் கடலோரம் நடந்தால் இன்னும் நல்லது. உடல் எடைக்கும் அது உதவும்; ஓலான்சபின், குளோசபின் எடுப்பவர்கள் எடையையும் சர்க்கரையையும் கவனிக்க வேண்டும்.

வேலைக்குத் திரும்புவதென்றால் நாளுக்கு இரண்டு மணி நேரத்தில் தொடங்குங்கள். விடியுமுன் மீன் ஏலத்துக்கு ஓடும் வேலை வேண்டாம், தூக்கம் கெட்டால் நோய் கிளறும். மயக்கம் தெளியும்வரை லேத், ஆட்டோ, உயரத்தில் ஏறும் வேலை கூடாது. இந்த மருந்துகள் உடல் சூட்டைத் தணிக்கும் திறனைக் குறைப்பதால் மே மாத நண்பகலில் மூட்டை தூக்குவதும் ஆபத்து.

ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடாதீர்கள். குளோசபின் இரண்டு நாள் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கவே கூடாது; டாக்டர் குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டும். அதை எடுப்பவருக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. பீடிப் புகை ஓலான்சபின், குளோசபின் அளவை ரத்தத்தில் குறைக்கும். திடீரென்று பீடியை நிறுத்தினால் அளவு ஏறும், எனவே முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். "சரியாயிட்டான்" என்று நீங்களே மருந்தை நிறுத்தாதீர்கள். தினமும் மாத்திரையால் வீட்டில் சண்டையென்றால், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசி உண்டா என்று கேட்கலாம்.

ஸ்டான்லி மருத்துவமனைக்கோ கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கோ போகும்போது கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். சந்தேகம் கேட்க அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது. நோட்டில் நான்கு தலைப்பு: தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. மாற்றுத்திறனாளிச் சான்றுக்கான 'ஐடியாஸ்' அளவுகோலும் இந்த நான்கையே பார்க்கிறது. பாதிப்பு 40 சதவீதம் வந்தால் அரசு உதவிகளுக்கு வழி திறக்கும். "பரவாயில்லை" என்று எழுதாதீர்கள். "இந்த வாரம் நாலு நாள் தானே குளித்தார், டீக்கடையில் இரண்டு முறை பேசினார்" என்று எழுதுங்கள். டாக்டர் மருந்தின் அளவை முடிவு செய்ய அந்த வரிகள்தான் உதவும்.