‘நானும் கஷ்டப்பட்டுத்தான் வந்தேன்’: இனச் சலுகைப் பேச்சில் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் வெள்ளையர்களுக்கு இருக்கும் இனச் சலுகை, அதாவது நிறத்தாலேயே கேட்காமல் திறக்கும் கதவுகள் என்று பேச்செடுத்தாலே, ‘அவனும் கஷ்டப்பட்டுத்தானே சம்பாதிச்சான்?’ என்று யாராவது கேட்பார். முதல் தவறு இதுதான், பெரிய தவறும்கூட. உழைப்பை யாரும் மறுக்கவில்லை.

1944இல் இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்காக அங்கே ஒரு சட்டம் வந்தது. ஜி.ஐ. பில் என்பார்கள். படிப்புக்குப் பணம், வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம். நிறத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் கடன் கொடுக்க வேண்டியவை வங்கிகள். கறுப்பின வீரர் போய் நின்றால் பெரும்பாலும் கையை விரித்தன. மிசிசிப்பி நகரங்களில் 1947இல் கணக்கெடுத்தபோது, 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை வெறும் 2. கடன் கிடைத்த வெள்ளை வீரர் தவணையை ஒழுங்காகத்தான் கட்டினார். வீட்டின் விலை ஏறியது, பிள்ளைக்குப் போனது, பேரன் படிப்புக்கும் உதவியது. பேரன் யாரையும் ஏமாற்றவில்லை. தாத்தாவுக்குக் கதவு திறந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது, ‘அதெல்லாம் அந்த ஊர் சமாச்சாரம்’ என்பது. நம் சென்னை ஜார்ஜ் டவுனுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கறுப்பர் பட்டணம் என்றுதான் பெயர். வெள்ளையர் பட்டணம் கோட்டைக்குள் இருந்தது. சரி, அது பழங்கதை என்றால் இன்று சென்னையில் வாடகைக்கு வீடு தேடும் மணிப்பூர்ப் பையனையோ நைஜீரிய மாணவரையோ கேட்டுப் பாருங்கள். போனில் காலியாக இருந்த வீடு, நேரில் முகத்தைப் பார்த்ததும் ‘இப்பதான் தம்பி அட்வான்ஸ் வாங்கினோம்’ என்று ஆகிவிடும். அந்தப் பதிலைக் கேட்டே பழகாதவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இனமும் சாதியும் ஒன்றே என்று கலப்பதும் தவறு. சாதியை நிறத்தில் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023இல் தன் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சாதியைத் தனியாகச் சேர்த்தது. அங்கே வேலை பார்க்கும் சென்னை இன்ஜினியர் தெருவில் நிறத்துக்காக அவமானப்படலாம். அதே ஆள் ஆபீஸில் சக தமிழனிடம் நைசாக ‘நீங்க எந்த ஆளுங்க?’ என்று விசாரிக்கவும் செய்யலாம். இரண்டும் ஒருவரிடமே இருக்கும்.

‘ஒபாமாவே ஜனாதிபதி ஆகிவிட்டாரே’ என்பதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ஒருவர் ஏறிவிட்டதால் படிக்கட்டு எல்லாருக்கும் கிடைத்துவிடாது.

குற்ற உணர்ச்சியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிவதும் யாருக்கும் உதவாது. வீட்டை வாடகைக்கு விடுபவரானால், புரோக்கரிடம் ‘நம்ம ஆளுங்களா பாத்து அனுப்புங்க’ என்பதை நிறுத்தலாம். வேலை, அட்வான்ஸ், அடையாள அட்டை கேட்டால் போதும்.